கடற்கரை மைதானங்களும் கைபேசிப் பந்தயமும்

இலங்கையில் உதைபந்தாட்ட 'சுப்பர் லீக்' 2021இல் தொடங்கியபோது அதில் பத்து அணிகள் இருந்தன. கொழும்பிலிருந்து ரினௌன், ரட்ணம், கொழும்பு எப்.சி.; களுத்துறையின் புளூ ஸ்டார், பேருவளையின் ரெட் ஸ்டார், வென்னப்புவையின் நியூ யங்ஸ், நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ். மிச்சம் மூன்றும் முப்படைகளின் அணிகள்: தரைப்படையின் டிபெண்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ். கிண்ணத்தை புளூ ஸ்டார் வென்றது. நாட்டின் அதியுயர் லீக்கில் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஓர் அணிகூட இருக்கவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் உறுத்தும். கோவிலும் வாசிகசாலையும் இருக்கிற ஊரில் ஒரு விளையாட்டுக் கழகமும் இருக்கும். கழகம் இருந்தால் பெரும்பாலும் உதைபந்தாட்ட அணியும் இருக்கும். ஆட்டம் இவ்வளவு ஊறிக் கிடக்கிற மண் ஏன் உச்சத்தில் காணாமல் போகிறது? அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஊரில் பெடியள் இரவில் கைபேசியைப் பார்த்தபடி, தாங்கள் ஒருநாளும் கண்டிராத நாடுகளின் லீக்குகளில் காசு கட்டுகிறார்கள் என்று உறவினர்கள் கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று தோன்றியது. கொழும்புக் கோட்டையில் யாழ்தேவி ஏறினேன்.

1956இல் ஓடத் தொடங்கிய இந்த ரயிலுக்கு 1990இல் யாழ்ப்பாணம் வரையான பாதை இல்லாமல் போனது. 2014 ஒக்டோபரில்தான் அது மறுபடியும் யாழ்ப்பாண நிலையத்துக்குள் நுழைந்தது. ஆனையிறவின் வெளியைக் கடந்து பளை, கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி என்று வண்டி போகையில் யன்னலோரம் இருந்தால் மைதானங்கள் தெரியும். வெயிலில் காய்ந்த புல், இரண்டு பக்கமும் கோல் கம்பங்கள், ஓரத்தில் சாய்த்து வைத்த சைக்கிள்கள். பின்னேரம் நாலரைக்குப் பிறகு அந்த மைதானங்களில் ஆட்கள் இல்லாமல் இருப்பது அபூர்வம்.

யாழ் நகரில் முதலில் துரையப்பா விளையாட்டரங்குக்குப் போனேன். ஒரு பக்கம் கோட்டை, கூப்பிடு தூரத்தில் பொதுசன நூலகம். 1975 ஜூலையில் கொல்லப்பட்ட நகர மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கிய அரங்கு இது. 1999இல் இதைத் திருத்தத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புக்கூடுகள் வந்தன. இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூனில் திறந்தார்கள். நான் போன நேரம் பாடசாலைப் பிள்ளைகள் ஓட்டப் பயிற்சியில் இருந்தார்கள். இந்தக் குடாநாட்டில் எந்த மைதானத்தின் கதையைச் சொல்லப்போனாலும் போர் நடுவில் வந்து நின்றுவிடும். யார் யார் இங்கே விளையாடினார்கள் என்று கேட்டால், யார் யார் இன்று இல்லை என்பதிலும் பாதி நேரம் போகும்.

இங்கே உதைபந்தாட்டம் எப்படி நடக்கிறது என்பதை வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும். குடாநாடு முழுவதற்கும் ஒரே லீக் இல்லை. யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை, தீவகம் என்று பகுதிக்கொரு லீக். ஒவ்வொன்றின் கீழும் ஊர்க் கழகங்கள். லீக்குகள் கொழும்பில் இருக்கும் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தோடு இணைந்தவை. சம்மேளனத் தேர்தலில் அவற்றுக்கு வாக்கும் உண்டு. இவை தவிர ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டிகள். கழகத்துக்காக ஆடி மறைந்தவர் பெயரில், ஊரின் பெரியவர் பெயரில், அணிக்கு ஏழு பேர், ஒன்பது பேர், பதினொரு பேர் என்று ஆண்டு முழுக்க நடக்கும். பல இடங்களில் இரவில் மின்னொளியில். இந்தச் சுற்றுப்போட்டிகளே இந்த ஆட்டத்தின் உயிர். ஆனால் ஒரு சுற்றுப்போட்டியை வென்றவர்கள் அதற்கு மேலே எங்கே போவது என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது.

குருநகருக்கும் பாசையூருக்கும் சைக்கிளில் போனேன். கடல்நீரேரியின் ஓரமாகப் போகிற வீதி. வலை காய்கிற வாசம், கரையேற்றிய படகுகள், தெருமுனையில் புனிதரின் கூடு. இந்தக் கரையில் கழகங்களின் பெயர்களைச் சொன்னாலே ஊரின் வரலாறு பாதி சொல்லியாகிவிடும். குருநகரில் சென் ஜேம்ஸ், பாசையூரில் சென் அன்ரனீஸ், நாவாந்துறையில் சென் மேரிஸும் சென் நீக்கிலஸும். பங்குக் கோவிலைச் சுற்றித்தான் கழகம் முளைத்தது. கோவிலின் புனிதரே கழகத்துக்கும் பெயர். 1850இல் தொடங்கிய புனித பத்திரிசியார் கல்லூரியில் துறவிகளும் ஆசிரியர்களும் பழக்கிய ஆட்டம், அங்கே படித்த பிள்ளைகளின் காலோடு கடற்கரைக்கு வந்தது. வடமராட்சிப் பக்கம் போனால் பெயர்களின் சாயல் மாறும். வல்வெட்டித்துறையில் நேதாஜி, ரெயின்போ, வதிரியில் டைமன்ஸ், நவிண்டிலில் கலைமதி, சமரபாகுவில் நியூட்டன். விடுதலைப் போராட்டமும் விஞ்ஞானமும் ஒளிரும் கற்களும் அங்கே புனிதர்களின் இடத்தில் இருக்கின்றன.

பாசையூரில் ஓர் ஆட்டத்தின் முதல் பாதியை, மைதான மதில் கட்டில் இருந்த ஒரு முதியவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கடற்றொழிலாளி. இளமையில் கோல் காப்பாளராக நின்றவர்.

"தம்பி, காத்து எந்தப் பக்கத்தாலை எண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

கோட்டைப் பக்கத்திலிருந்து என்றேன்.

"ஓம். இப்ப இந்தப் பக்கம் நிக்கிறவங்கள் காத்துக்கு எதிரா விளையாடுறாங்கள். இடைவேளை மட்டும் ஒரு கோலுக்கு மேலை வாங்காமல் நிண்டுட்டாங்கள் எண்டால், பிறகு பாருங்கோ. அந்த இடக்கைப் பக்கப் பெடியன் விடிய மூண்டு மணிக்குக் கடலுக்குப் போய் வந்தவன். அறுவது நிமிசத்துக்குப் பிறகு ஓடமாட்டான். அவன்ரை பக்கத்தாலை உடைப்பாங்கள்."

அவர் சொன்னபடியே நடந்ததா என்பது இங்கே முக்கியமில்லை. அவர் எதை எதைக் கணக்கில் எடுத்தார் என்பதைத்தான் நான் மனதில் வைத்துக்கொண்டேன். காற்று, உடல் களைப்பு, முந்தின இரவு யார் எங்கே வேலைக்குப் போனார் என்பது. ஒரு லீக்கைப் புரிந்துகொள்வது என்றால் இதுதான். புள்ளிப் பட்டியலைப் பார்ப்பவருக்கு எந்த அணி எத்தனை கோல் அடித்தது என்பது தெரியும். ஏன் அடித்தது என்பது மதில் கட்டில் இருப்பவருக்குத் தெரியும்.

தேசிய லீக்குக்கும் இதே அறிவு வேண்டும். இலங்கையின் மேற்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழை. யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவ மழை. பருவம் எந்த மாதத்தில் தொடங்குகிறது என்பதே யாருடைய மைதானம் சேறாகும் என்பதைத் தீர்மானிக்கிறது. பேருவளை போன்ற ஊர்களின் அணிகளில் முஸ்லிம் வீரர்கள் நிறையப் பேர். நோன்பு மாதத்தில் பின்னேர ஆட்டம் அவர்களுக்கு வேறு ஆட்டம். படை அணிகளின் வீரர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, பயிற்சிக்கு நேரம் உண்டு. கடமைக்கு அழைத்தால் போகவும் வேண்டும். மற்றக் கழகங்களில் கூலி வேலைக்குப் போய்விட்டுப் பயிற்சிக்கு வருபவர்கள் ஆடுகிறார்கள். ஆட்டங்கள் பெரும்பாலும் கொழும்பில் நடந்தால் சொந்த மைதானத்தின் பலம் என்பது பல அணிகளுக்கு வெறும் பேச்சு. நாவலப்பிட்டிக்காரர் தங்கள் மலைக் குளிரில் ஆடினால்தான் அவர்களுடைய பலம் தெரியும்.

இதையெல்லாம் யோசித்தபடி அடுத்த நாள் வலிகாமத்தின் வடக்குப் பக்கம் போனேன். இளவாலையில் புனித ஹென்றியரசர் கல்லூரி. அதன் பழைய மாணவர்களின் பெயர் சொல்லும் யங் ஹென்றிசியன்ஸ் கழகம். அங்கிருந்து தெல்லிப்பழை. பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் நிறுவிய மகாஜனக் கல்லூரி. 1990இல் இந்தப் பகுதியே இடம்பெயர்ந்தது. உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போன வீடுகளும் வயல்களும் மைதானங்களும் சிறுகச் சிறுகத்தான் திரும்பி வந்தன. பக்கத்து மயிலிட்டித் துறைமுகம் மக்கள் கைக்கு வந்தது 2017 ஜூலையில். அப்படிப்பட்ட ஊரிலிருந்து மகாஜனக் கல்லூரியின் மாணவிகள் எழுந்து, அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் பலமுறை கிண்ணம் வென்றார்கள். பண்டத்தரிப்பு மகளிர் உயர்தரப் பாடசாலை அவர்களுக்கு அருகிலேயே கிடைத்த வலுவான போட்டி. இரண்டு பாடசாலைகளும் ஒன்றையொன்று வளர்த்தன.

பின்னேரப் பயிற்சி முடித்து வந்த மாணவிகள் மூவர் வீதியோரக் கடையில் ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். படிப்பு முடிந்த பிறகும் விளையாடுவீர்களா என்று கேட்டேன். ஒருத்தி சிரித்தாள். மற்றவள், "எங்கை அண்ணா விளையாடுறது? பள்ளிக்கூடம் விட்டால் சரிதானே" என்றாள். அவள் அதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. தெரிந்த விசயத்தைச் சொன்னாள். பதினெட்டு வயதில் நாட்டின் தலைசிறந்த பாடசாலை அணியில் இருக்கும் பெண்ணுக்குப் பத்தொன்பதில் ஆட இடமில்லை. பையன்களின் கதையும் வேறில்லை. திறமையானவர் தனியாளாக ஊரைவிட்டுப் போக வேண்டும். மன்னார் பேசாலையில் பிறந்த டக்சன் பியூஸ்லஸ் அப்படித்தான் தேசிய அணி வரை உயர்ந்தார். மாலைதீவில் தொழில்முறை வீரராக ஆடினார். அங்கேயே 2022 பெப்ரவரியில் மறைந்தார். அவருடைய பெயரைச் சொல்லும்போது வடக்கின் மைதானங்களில் இன்றும் குரல் தாழ்கிறது.

பந்தயத்தை நேரில் கண்டது வடமராட்சியில். மின்னொளிச் சுற்றுப்போட்டி ஒன்று. ஒலிபெருக்கியில் நேர்முக வர்ணனை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடிக்கடி நடுவில் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் ஊரவர்களின் பெயர்களும், அவர்கள் தந்த பரிசுத் தொகைகளும் வாசிக்கப்பட்டன. கடலை விற்கிறவர், கடதாசிக் கப்பில் தேத்தண்ணி ஊற்றித் தருகிறவர், மடியில் குழந்தையோடு தாய்மார். பழைய வகைப் பந்தயம் இங்கே எப்போதும் உண்டு. இரண்டு ஊரின் ஆட்கள், தோற்றவர் மற்றவருக்குக் கொத்துறொட்டி வாங்கிக் கொடுப்பது என்று கட்டுவார்கள். காசு கைமாறினாலும் அது தெரிந்தவர்களுக்குள் சுற்றும். அடுத்த கிழமை திரும்பி வரும்.

கம்பிவேலி ஓரம் இருந்த பையன்கள் சிலர் வேறு ஒன்றில் மூழ்கியிருந்தார்கள். கண்ணெதிரே நல்ல ஆட்டம் நடக்க, அவர்களுடைய கண் கைபேசியில். எட்டிப் பார்த்தேன். ஐரோப்பாவின் ஏதோ ஒரு சிறு நாட்டு லீக். இரண்டு அணிகளின் பெயர்களும் எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

"இதிலை ஆரு நல்ல ரீம்?" என்று கேட்டேன்.

"தெரியாதண்ணை. ரேட் நல்லாயிருக்கு" என்றான் ஒருவன். திரையில் மூன்று எண்கள்: 2.00, 3.20, 4.00.

அந்த எண்களை அவர்களோடு சேர்ந்து கணக்குப் பார்த்தேன். இங்கேயும் பார்ப்போம், இது எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. 2.00 என்றால் நூறு ரூபா கட்டி வென்றால் இருநூறு திரும்பி வரும். அதாவது அந்த அணி வெல்ல நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு என்று பந்தயக்காரர் விலை போட்டிருக்கிறார். சமநிலைக்கு 3.20: நூற்றை அதனால் பிரித்தால் 31.25. எதிரணிக்கு 4.00: அது 25. மூன்றையும் கூட்டுங்கள். 106.25 வருகிறது. ஓர் ஆட்டத்தில் நடக்கக்கூடிய எல்லாவற்றின் வாய்ப்பும் சேர்ந்து நூறுதான் வரவேண்டும். மேலதிகமான ஆறேகால் பந்தயக்காரருடைய பங்கு. எந்த அணி வென்றாலும் சராசரியாக நூறு ரூபாவில் ஆறு ரூபாவுக்குக் கிட்ட அவருக்குப் போய்ச் சேரும்படி விலை அமைந்திருக்கிறது.

பெடியள் தனி ஆட்டத்தில் கட்டுவதும் குறைவு. நாலு ஆட்டங்களைக் கோர்த்துக் கட்டுவார்கள். நாலும் சரிவந்தால் பெரும் தொகை. ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே பங்கு பிடிபட்டால், கட்டுகிற நூறு ரூபாவின் உண்மைப் பெறுமதி நாலாவது ஆட்டத்தில் எழுபத்தெட்டு ரூபாவுக்கு இறங்கிவிடும். ஒன்று தோற்றால் எல்லாம் போய்விடும். வென்றவன் கதை ஊர் முழுக்கப் பரவும். தோற்ற இருபது பேர் வாய் திறக்கமாட்டார்கள். அதனால்தான் வெல்லலாம் என்ற நம்பிக்கை சாகாமல் இருக்கிறது.

கணக்கைக் கேட்ட ஒருவன் யோசித்தான். "அப்ப ஆட்டம் நல்லாத் தெரிஞ்சவன் வெல்லுவான்தானே அண்ணை?" என்றான். நல்ல கேள்வி. ஆட்டம் தெரிந்தவர்கள் சிலர் நீண்ட காலத்தில் வெல்வதும் உண்டு. ஆனால் அவர்கள் அந்த அணிகளின் காற்றையும் களைப்பையும் படித்தவர்கள். தங்களுடைய கணிப்பு பந்தயக்காரரின் விலையைவிடச் சரியாக இருந்தால் மட்டும் கட்டுபவர்கள். பெயர் தெரியாத அணிகளில் கட்டுபவருக்கு அந்த அறிவு வராது. தன் ஊர் அணியை அக்குவேறு ஆணிவேறாக அலசக்கூடிய பையன், தெரியாத ஆட்டத்தில் தன் அறிவைக் கழற்றி வைத்துவிட்டுக் காசு கட்டுகிறான். எனக்கு வலித்தது அந்த இடம்தான்.

சின்ன லீக்குகளில் காசு கட்டுவதில் இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதில் ஒரு தமிழர் பெயர் உலகம் முழுக்க அடிபட்டது. சிங்கப்பூர்த் தமிழரான வில்சன் ராஜ் பெருமாள் 2011 பெப்ரவரியில் பின்லாந்தில் கைதானார். ஆர்க்டிக் வட்டத்துக்குக் கிட்ட இருக்கும் ரொவானியேமி நகரின் கழகம் பின்லாந்தின் அதியுயர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கழகத்தின் வீரர்களுக்குக் காசு கொடுத்து ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே அமைத்தார் என்று நீதிமன்றம் கண்டு, அதே ஆண்டு ஜூலையில் இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. சாம்பியாவையும் ஜோர்ஜியாவையும் சேர்ந்த ஒன்பது வீரர்களும் குற்றவாளிகள் ஆனார்கள்.

ஏன் பின்லாந்து? ஐரோப்பாவின் பெரிய லீக்குகள் கோடையில் ஓய்வெடுக்கும்போது அங்கே ஆட்டம் நடக்கும். ஆசியாவில் அந்த ஆட்டங்களில் ஏராளமான காசு கட்டப்படும். ஆனால் ஆடுபவருக்குச் சம்பளம் சிறிது. பந்தயத்தில் புரளும் காசு பெரிதாகவும் வீரரின் கைக்காசு சிறிதாகவும் இருக்கும் இடம்தான் பேரம் பேச வருபவருக்கு வசதி. ஆசியாவிலும் இதையே கண்டோம். 2017 பெப்ரவரியில் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு லாவோசையும் கம்போடியாவையும் சேர்ந்த 22 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது. 2021 ஓகஸ்டில் வங்காளதேசத்தின் பிரிமியர் லீக் அணியான ஆரம்பாக் கிரீடா சங்கம், பந்தயத்துக்காக ஆட்டங்களை விற்றதென்று கண்டறியப்பட்டு, தரமிறக்கப்பட்டது. அதன் முன்னாள் தலைவருக்கு வாழ்நாள் தடை.

ஆகவே சின்ன லீக்கில் காசு கட்டும்போது எதிர்ப்பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாது. முடிவை முன்பே அறிந்தவராகவும் இருக்கலாம். அவரோடு எந்த அறிவாலும் போட்டியிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? தெற்கின் நகரங்களில் 'புக்கி' கடைகள் நெடுங்காலமாக உண்டு; இங்கிலாந்துக் குதிரைப் பந்தயங்களில் காசு கட்டுவதே அவற்றின் முதல் தொழில். 1988இன் 40ஆம் இலக்கச் சட்டம் அவற்றை நடத்துபவர்களிடமிருந்து வரி அறவிட வழிசெய்தது. விளையாட்டுக் குற்றங்களுக்கென்று இலங்கை 2019 நவம்பரில் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஆட்ட முடிவை விற்பவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை. உள்வீட்டுத் தகவலைப் பந்தயத்துக்காகக் கொடுப்பதும் குற்றம். சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தத் தனி அதிகார சபை அமைக்கும் சட்டமூலத்தைப் பாராளுமன்றம் 2025 ஓகஸ்டில் நிறைவேற்றியது. சட்டங்கள் வேண்டும். ஆனால் கம்பிவேலி ஓரத்துப் பையன் கட்டுவது எல்லைகளுக்கு வெளியே இயங்கும் தளத்தில். வென்ற காசு வராவிட்டால் அவன் போய் முறையிட ஒரு கதவும் இல்லை.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். வடக்கு ஏன் உச்ச லீக்கில் இல்லை?

கழகங்களை நடத்துபவர்கள் சிலரோடு பேசியதில் ஒரே பதில்தான் பல குரல்களில் வந்தது. தேசிய மட்டத்தில் ஆட வேண்டுமென்றால் படிப்படியாகப் பிரிவுகளைத் தாண்டி மேலே போகவேண்டும். தெற்கில் ஓர் ஆட்டத்துக்குக் குடாநாட்டிலிருந்து போய்வர ஏறக்குறைய எண்ணூறு கிலோமீற்றர். பஸ் வாடகை, தங்குமிடம், சாப்பாடு, வீரர்கள் இழக்கும் இரண்டு நாள் கூலி எல்லாவற்றையும் கழகம் தாங்க வேண்டும். படை அணிகளின் வீரருக்கு இந்தச் சுமை இல்லை. போரின் பின்னணியில் எங்கள் பெடியளுக்குப் படை அணிகள் ஒரு பாதையாக இருக்கவும் இல்லை. தொழில்முறை லீக் என்றால் ஒப்பந்தம், பயிற்றுநர் தகுதி, இளையோர் அணி, கணக்கறிக்கை என்று நிபந்தனைகளும் கூடுகின்றன. இவற்றுக்கு மேல், உச்ச லீக்கே நிலையாக நிற்கவில்லை. 2022இல் நாட்டைப் பொருளாதார நெருக்கடி அடித்தது. 2023 ஜனவரியில் வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. 1995இல் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற நாடு, உலகத் தரவரிசையில் 207ஆம் இடம்வரை இறங்கிய காலம் அது.

"காசு இல்லை எண்டில்லை" என்றார் ஒரு கழகத்தின் செயலாளர். பகலில் அரசாங்கக் கந்தோரில் வேலை. மாலையில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுபவரும் அவரே. "சுற்றுப்போட்டி எண்டால் வெளிநாட்டிலையிருந்து லட்சக்கணக்கிலை வரும். ஒரு ராத்திரியிலை செலவழிஞ்சிடும். ஒரு பயிற்றுநருக்கு மாசச் சம்பளம் எண்டு கேட்டால் ஒருத்தரும் தரமாட்டினம். சம்பளத்துக்கு மைக்கிலை பேர் வாசிக்கேலாதுதானே."

அவர் சொன்னதில்தான் விடை இருக்கிறது. குடாநாட்டின் உதைபந்தாட்டத்துக்கு உள்ளூர்க் காசும் இருக்கிறது, புலம்பெயர்ந்தோர் காசும் இருக்கிறது. ஒரு பகுதி ஓர் இரவு விழாவில் கரைகிறது. இன்னொரு பகுதி இப்போது நூறு, ஐநூறாகக் கைபேசி வழியே கண்காணாத இடத்துக்கு ஒழுகுகிறது. உச்ச லீக்குக்கு ஒரு பாதை வேண்டும் என்பதற்கும் பந்தயத்துக்கும் உள்ள தொடர்பு இதுதான்: தன் அணி எட்டக்கூடிய ஒரு பெரிய மேடை இல்லாத இரசிகன், தன் ஆர்வத்தைக் கொண்டுபோய் அடுத்தவன் மேடையில் கொட்டுகிறான். இங்கிலாந்து லீக்கின் ஒவ்வொரு வீரரையும் சொல்லக்கூடிய பையனுக்கு, தன் மாவட்டத்து அணி ஒன்று சனிக்கிழமைகளில் களுத்துறையோடும் நாவலப்பிட்டியோடும் மோதுகிறது என்றால் அவன் அதன் பின்னால் போகமாட்டானா? வடக்கு கிழக்கு அணிகளுக்கென்று 2018இல் பிரிமியர் லீக் ஒன்று நடந்தபோது மைதானங்கள் நிறைந்ததைக் கண்டோம். இரசிகர் கூட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் நம்பி வரக்கூடிய தொடர்தான் வேண்டும்.

என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஊருக்கொரு கழகம் தனித்தனியே உச்சத்துக்குப் போக முடியாது. குடாநாட்டின் லீக்குகள் ஒன்றுகூடி ஒரு பொது அணியை உருவாக்கினால் முடியும். சென் மேரிஸ் ஆதரவாளரும் டைமன்ஸ் ஆதரவாளரும் ஒரே கொடியின் கீழ் நிற்பது கடினம்தான், ஆனால் பாடசாலை அணிகளில் அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே சேர்ந்து ஆடியவர்கள். சுற்றுப்போட்டிக்குத் தரும் புலம்பெயர் உறவுகள், அந்தத் தொகையில் ஒரு பங்கை மாதாமாதம் ஒரு பயிற்றுநரின் சம்பளமாகத் தரட்டும்; பெயரை மைதான மதிலில் எழுதுவோம். பெண்களுக்குப் பாடசாலைக்குப் பிறகு ஆட ஒரு லீக் வேண்டும். தெல்லிப்பழைக்கும் பண்டத்தரிப்புக்கும் இடையில் இருக்கும் போட்டியே அதற்குப் போதுமான வித்து. சம்மேளனத் தேர்தலில் வாக்குக் கேட்டு வடக்குக்கு வருபவர்களிடம், வடக்கின் அணிக்குப் பயணச் செலவு எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்று லீக்குகள் எழுத்தில் கேட்கட்டும்.

பையன்களுக்கு, கட்டாதே என்று அறிவுரை சொன்னால் மட்டும் போதாது. அந்த மூன்று எண்களைக் கூட்டிக் காட்ட வேண்டும். கணிதபாட ஆசிரியர் ஒரு பாடவேளையில் நிகழ்தகவு படிப்பிக்கும்போது பந்தயச் சீட்டு ஒன்றை உதாரணமாக எடுத்தால் அந்தப் பாடம் மறக்காது. கழகங்கள் தங்கள் வீரரிடம், யாராவது காசோடு வந்து ஆட்டம் பற்றிக் கேட்டால் யாரிடம் சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். எங்கள் அணி உச்ச லீக்குக்குப் போகும் நாளில் அந்த ஆட்கள் எங்கள் வீரர்களைத் தேடி நிச்சயம் வருவார்கள். மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிற வீரர் அவர்களைத் திருப்பி அனுப்புவார்.

அதனால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவருக்கு என் பதில் சுருக்கமானது. இந்தக் கிழமை உங்கள் ஊர்க் கழகத்தின் செயலாளரைத் தேடிப் போங்கள். பயிற்றுநருக்கு மாதம் எவ்வளவு தேவை என்று கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஓர் ஆண்டுக்கு அதைப் பொறுப்பெடுங்கள்.